ஐந்து வயதில் அல்காரிதம்

பாலபாடம் என்றால் அரிச்சுவடியையும் எண்சுவடியையும் நினைத்துக்கொள்வதுதான் நமக்குப் பழக்கம். இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் அமலில் இருந்துவரும் தேசியப் பாடத்திட்டமோ, பூட்ஸ் கயிற்றைத் தானாகக் கட்டிக்கொள்ளக்கூட இன்னும் பழகாத ஐந்து வயதுக் குழந்தை, எழுத்துக் கூட்டி வாசிப்பதோடு கூடவே, அல்காரிதம் என்பது இன்னதென்று அறிய வேண்டும், சின்னஞ்சிறு நிரல் ஒன்றைத் தானே இயற்ற வேண்டும், அதில் பிழை நேர்ந்தால் கண்டுபிடித்துத் திருத்தவும் வேண்டும் என்று விதிக்கிறது. முதல் முறையாகக் கேட்பவர்களுக்கு இது சற்று விபரீதமாகவே தோன்றும். அந்தப் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தாலோ, ஐந்து முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கணினியைப் பற்றி அது சொல்வது மொத்தம் ஆறே அம்சங்கள்தாம் என்பது தெரியவரும். முதல் ஐந்தும் யந்திரத்தைப் பற்றியவை. ஆறாவது அம்சம், யந்திரத்தைப் பத்திரமாகவும் பிறரிடம் மரியாதையோடும் கையாள வேண்டும், அந்தரங்க விவரங்களை வெளியிடலாகாது, இணையத்தில் மனத்தைச் சங்கடப்படுத்தும் எதையேனும் கண்டால் உதவிக்கு யாரிடம் போவது என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. இந்த ஆறாவது அம்சத்துக்காகவே மற்ற ஐந்தும் அவசியம் என்பது என் அபிப்பிராயம். அவை இல்லாத இடத்தில் இது வெறும் உபதேசமாய்ப் போய்விடுகிறது.

ஆங்கிலேயர் இந்த நிலைக்குச் சுலபமாக வந்து சேர்ந்துவிடவில்லை. 1981-ஆம் ஆண்டின் இறுதியில் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம், சாமானிய ஜனங்களுக்குக் கணினி ஞானத்தை ஊட்டுவதென்று சங்கற்பம் செய்துகொண்டு, கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் கம்பெனியார் செய்த ‘பி.பி.சி. மைக்ரோ’ என்ற யந்திரத்தை வெளியிட்டது. பள்ளிக்கூடங்கள் அதை வாங்குவதற்குப் பாதி விலையை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அந்த யந்திரத்தின் விசையை அழுத்தினால் கறுத்த திரையில் ஓரிரு வரிகளும் ஒரு சிறு குறியும்தான் கண்ணுக்குத் தெரியும். அதன்பின் என்ன நடக்க வேண்டுமென்பதை எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் ‘பேசிக்’ மொழியில் எழுதிச் சொல்ல வேண்டும். பிற்பாடு வந்த யந்திரங்கள் மெருகேறின. படங்களைத் தொட்டால் எல்லாம் திறந்துகொள்ளும் காலம் வந்தது. பள்ளிப் பாடமும் அதற்கேற்ப இளைத்து, கடிதம் தட்டச்சு செய்வதும், அட்டவணை போடுவதும், வர்ணங்கள் தீட்டிய பக்கங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதுமே கணினிக் கல்வி என்றாயிற்று. 2011 ஆகஸ்டில் எடின்பரோ நகரில் பேச வந்த கூகுள் கம்பெனியின் தலைவர் எரிக் ஷ்மிட், கணினி விஞ்ஞானம் பிரிட்டிஷ் பள்ளிகளில் ஒரு சாதாரணப் பாடமாகக்கூட இல்லையே என்று பகிரங்கமாக ஆச்சரியப்பட்டார். வெளியூரார் வந்து சொன்னால்தான் வீட்டுச் சாமானின் அருமை புரிவதென்பது நமக்கு மட்டும் வாய்த்த குணமில்லை போலும்! 2012 ஜனவரியில் ராயல் சொஸைட்டி வெளியிட்ட அறிக்கையும் அதே குறையை விஸ்தாரமாக எடுத்துக் காட்டியது. அந்த அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்த ஸ்டீவ் ஃபர்பர், அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்னால் பி.பி.சி. மைக்ரோவை வடிவமைத்தவர்களுள் ஒருவர். அதே மாதத்தில் கல்வி மந்திரி மைக்கேல் கோவ் பழைய பாடத்தை விலக்கப்போவதாக அறிவித்தார்; இரண்டரை ஆண்டுகளில் புதிய பாடம் வந்தது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு நிரல் எழுதக் கற்பிப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை, இதற்கெல்லாம் அநேக வருஷங்கள் முன்பாகவே தயாராக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஜெனீவா நகரில் குழந்தைகளின் மனோதத்துவத்தை ஆராய்ந்த பியாஜேயிடம் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்து சேர்ந்த சேமூர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர், தம் சகாக்களோடு சேர்ந்து 1967-இல் ‘லோகோ’ என்ற கணினி மொழியைச் சிறுவர்களுக்காகவே இயற்றினார். அந்த மொழியில் ஆணையிட்டால் ‘ஆமை’ என்று அழைக்கப்பட்ட சிறு யந்திரம் ஒன்று தரையில் ஊர்ந்து, போகும் வழியெல்லாம் பேனாவால் கோடு கிழித்துக்கொண்டு போகும். நூறு அடி முன்னே போ, வலப்புறம் திரும்பு என்பதை நான்கு முறை சொன்னால் ஒரு சதுரம் பிறக்கும். யந்திரம் குழந்தையை ஆட்டிவைப்பதைவிடக் குழந்தை யந்திரத்தை ஆட்டிவைப்பதே முறையான கல்வி என்பது பேப்பர்டின் கட்சி. இன்று பிள்ளைகளின் கையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை அதற்கு நேர்விரோதமான காரியத்தைச் செய்துகொண்டிருக்கின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஆமையின் வம்சத்தில் வந்ததுதான், இன்று இங்கிலாந்தின் பாலர் வகுப்புகளில் சர்வசாதாரணமாகக் காணப்படும் ‘பீ-பாட்’ என்ற தேனீ பொம்மை. மஞ்சளும் கறுப்புமாகக் கோடிட்ட அதன் முதுகில் முன்னே, பின்னே, இடம், வலம் என்று நான்கு அம்புக்குறிப் பொத்தான்களும், நடுவில் ‘புறப்படு’ என்பதற்கு ஒரு பச்சைப் பொத்தானும், சற்றே நில் என்பதற்கு ஒன்றும், நினைவில் உள்ளதை அழிப்பதற்கு ஒன்றும் உண்டு. திரையும் கிடையாது, எழுத்தும் கிடையாது. முன்னே என்பதை ஒரு முறை அழுத்தினால் தேனீ 15 சென்டிமீட்டர் நகரும். தரையில் விரித்திருக்கும் புதையல் தீவுப் படத்தின் கட்டங்களும் அதே அளவுதான். வழி முழுவதையும் முன்கூட்டியே யோசித்து, பொத்தான்களை வரிசையாக அழுத்திவிட்டு, கடைசியில் பச்சையைத் தொட வேண்டும். ஆரம்பத்தில் வந்த தேனீ நாற்பது கட்டளைகள் வரை நினைவில் வைத்துக்கொண்டது.

இதில் பிள்ளைகள் செய்யும் பிழைகள்தாம் பாடத்தின் உயிர்நிலை. வலப்புற அம்பை அழுத்தினால் தேனீ வலப்பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும் என்று குழந்தை எதிர்பார்க்கிறது. அதுவோ நின்ற இடத்திலேயே திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். தேனீ தன்னை நோக்கி வரும்போது அதன் இடம் எது, வலம் எது என்று குழம்பி, எழுந்து தேனீயின் பின்னால் போய் நின்று தன் உடம்பையே அதுபோல் திருப்பிப் பார்த்துக் கணக்கிடும் பிள்ளைகள் உண்டு. எல்லாவற்றையும்விட விநோதமானது, பழைய கட்டளைகளை அழிக்க மறந்துவிட்டுப் புதியவற்றை அழுத்துவது. அப்போது தேனீ முதலில் பழைய வழியில் பூராவும் நடந்துவிட்டு, அதன் தொடர்ச்சியாகப் புதிய வழியிலும் நடந்து, விரிப்பைத் தாண்டி நாற்காலிக் காலில் போய் முட்டிக்கொள்கிறது. தேனீ கெட்டுப்போய்விட்டது, டீச்சர் என்று புகார் வருகிறது. நல்ல உபாத்தியாயினி உடனே விடை சொல்லிவிடுவதில்லை. இதுவரை அதற்கு நீ என்னவெல்லாம் சொன்னாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார் என்கிறாள். சொல்லிக்கொண்டே வரும் பிள்ளை, பாதியிலேயே நிறுத்தி, ஐயோ, முன்னால் சொன்னதை அழிக்கவில்லையே என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது. யந்திரம் பிடிவாதம் பிடிப்பதில்லை, கெட்ட எண்ணம் கொள்வதில்லை, சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்ற பெரிய உண்மை, ஐந்து வயதிலேயே பிரத்தியட்சமாகிவிடுகிறது.

சாமான் வாங்கப் பணமில்லாத பள்ளிகளுக்கும் இந்த மார்க்கம் அடைபட்டதன்று. ஆசிரியரே ரோபோவாக நடித்து, ரொட்டியில் ஜாம் தடவித் தருமாறு பிள்ளைகள் இடும் கட்டளைகளை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றும் பாடம் அங்கே வெகு பிரசித்தம். ரொட்டியின் மேல் ஜாமை வை என்றால் மூடி திறக்காத பாட்டிலைத் தூக்கி ரொட்டியின் மேல் வைத்துவிடுவார், வகுப்பு சிரிப்பில் மூழ்கிவிடும். நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் அவர் நண்பர்களும் 1990-களில் தொடங்கிய ஒரு முயற்சி, கணினியே இல்லாமல் கணினி விஞ்ஞானத்தைக் கற்பிப்பதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டது. 1, 2, 4, 8, 16 என்று புள்ளிகள் குத்திய ஐந்து அட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, சிலவற்றைக் காட்டியும் சிலவற்றைக் கவிழ்த்தும் 31 வரையுள்ள எந்த எண்ணையும் உண்டாக்கச் சொன்னால், யந்திரம் எண்களை எப்படி நினைவில் வைக்கிறது என்பது விளங்கிவிடும். இதற்கு வேண்டியது பழைய காலண்டர் அட்டையும் ஒரு பேனாவும்தான். ஏழு வயதுக்குமேல், 2007-இல் வெளிவந்த ‘ஸ்கிராட்ச்’ போன்ற மென்பொருள்களில் வர்ணத் துண்டுகளைக் கோத்து, மூன்று முறை செய், இதைத் தொட்டால் அதைச் செய் என்றெல்லாம் கட்டளையிட்டுப் பிள்ளைகள் சொந்த விளையாட்டுகளையே இயற்றத் தொடங்கிவிடுகிறார்கள்.

இனிப் பாதுகாப்பைப் பற்றிய விஷயத்துக்கு வருவோம். தன் கையால் ஒரு விளையாட்டை இயற்றி, தோற்றவன் மறுபடியும் ஆட வேண்டுமென்பதற்காக அதில் கொஞ்சம் ஆசை காட்டியும் வைத்த ஒன்பது வயதுப் பெண்ணிடம், நீ பார்க்கும் வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறதே, அப்படி ஓடச் சொன்னவர் யார், அதனால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், அந்தக் கேள்வி அவளுக்கு அர்த்தமாகிறது. திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்பதை அவள் அனுபவத்தால் அறிந்தவள். அந்த அறிவு இல்லாத பிள்ளையிடம், அதைத் தொடாதே, இதைப் பார்க்காதே என்று பத்து விலக்குகளை எழுதிச் சுவரில் ஒட்டினால், சுவருக்கு அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு பிரயோஜனம் இராது.

இங்கிலாந்தின் கல்வி இலாகா இணையத்தின் அபாயங்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கிறது: கண்ணில் படும் விஷயங்கள், நம்மை நாடி வரும் மனிதர்கள், நாமே நடந்துகொள்ளும் விதம், காசைக் கவரும் வியாபாரம். ஆரம்பப் பள்ளிகளில் இவை ஒவ்வொன்றுக்கும் சிறு பயிற்சிகள் உண்டு. கற்பனையான ஒரு சிறுவனின் புகைப்படத்தைக் கொடுத்து, இவனைப் பற்றி அந்நியன் ஒருவன் என்னென்ன தெரிந்துகொள்ள முடியும் என்று துப்பறியச் சொல்வது அவற்றுள் ஒன்று. சட்டைப் பையில் தைத்த பள்ளிச் சின்னம், பின்னால் தெரியும் வீட்டு இலக்கம், மேஜைமேல் இருக்கும் கேக்கில் எரியும் மெழுகுவத்திகளின் எண்ணிக்கை என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கூவுவார்கள். அந்தரங்கம் என்றால் என்னவென்று அரை மணிப் பிரசங்கம் செய்தாலும் இத்தனை ஆழமாகப் பதியாது. கடவுச்சொல்லுக்கு, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்படி அந்நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் யோசனை சொல்கிறது. யானை, சவுக்காரம், புதன்கிழமை என்பதுபோல. சிறுவர்களுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்திருக்கிறது.

படித்ததையெல்லாம் நம்பலாகாது என்று கற்பிக்க, அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரத்துக்கு மரம் தாவி வாழ்வதாகச் சொல்லப்படும் ஓர் ஆக்டோபஸ் உதவுகிறது. 1998-இல் ஒருவர் இந்த இல்லாத பிராணியின் வரலாற்றை வேடிக்கைக்காக ஓர் இணையப் பக்கத்தில், படங்களும் விஞ்ஞானப் பெயரும் அழிந்துவரும் இனம் என்ற எச்சரிக்கையும் சேர்த்து வெகு கம்பீரமாக அமைத்திருக்கிறார். கனெக்டிகட் சர்வகலாசாலையார் பதின்மூன்று வயதையொட்டிய மாணவர்களிடம் இதைக் காட்டிச் சோதித்தபோது, ஏறக்குறைய எல்லாருமே மெய்யென்று நம்பிவிட்டார்கள். இப்போது கட்டளையிட்டால் எந்தப் படத்தையும் எந்தக் குரலையும் யந்திரமே புனைந்து தந்துவிடுகிற காலத்தில், அந்த ஏழை ஆக்டோபஸ் புராதனப் பொருளாகத் தோன்றலாம். ஆனால் இதை யார் சொல்கிறார், வேறு எங்கேயாவது சொல்லியிருக்கிறதா என்று கேட்கும் பழக்கத்தை ஆரம்பித்துவைக்க அதைவிடச் சாதுவான வாத்தியார் கிடைப்பது அரிது.

இருந்தாலும் இத்தனை பாடங்களிலும் முக்கியமானதென்று நான் கருதுவது வேறொன்று. பிள்ளைகள் தங்கள் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டு, மனத்தில் பயமோ சங்கடமோ ஏற்பட்டால் தாம் போய்ச் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரை ஒவ்வொரு விரலிலும் எழுத வேண்டும். அம்மா, தாத்தா, வகுப்பு ஆசிரியை, அத்தை என்று நான்கு விரல்கள் நிறைந்துவிடும். ஐந்தாவது விரலுக்குப் பெயர் கிடைக்காமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அனுபவமுள்ள ஆசிரியை கவனித்து வைத்துக்கொள்வாள். இரண்டு விரலோடு நின்றுவிட்ட பிள்ளையை இன்னும் கவனமாகப் பார்ப்பாள். யாரிடமும் சொல்ல வாய்வராத பிள்ளைக்கு, 1986 முதல் அந்நாட்டில் ‘சைல்டுலைன்’ என்ற இலவசத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. இணையத்தின் மூலம் பிள்ளைகளைக் கெடுப்பவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே 2006-இல் தனியாக ஒரு காவல் பிரிவும் ஏற்படுத்தினார்கள். பிள்ளைகள் நடந்ததை மறைப்பதற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை. சொன்னால் கைக்கருவியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயமும்தான். மிரட்டுகிறவனுக்கும் அந்தப் பயம் தெரியும். அவன் முதலீடே அதுதான்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். பிரதம மந்திரியின் வேண்டுகோளின் பேரில் 2008-இல் இந்த விஷயத்தை ஆராய்ந்த டாக்டர் டான்யா பைரன் என்ற மனோதத்துவ நிபுணர், பொது நீச்சல் குளத்தில் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் காவல்காரரும் ஆழமில்லாத பகுதியும் இருந்தாலும் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிக்கவும் வேண்டியிருக்கிறதே என்று எழுதினார். அன்று பலமான வேலி என்று சொல்லத்தக்க எதுவும் இணையத்தில் இருக்கவில்லை. 2023 அக்டோபரில்தான் இணையப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நிறைவேறியது. பிள்ளைகளைக் காக்கும் கடமைகள் 2025 ஜூலையில் அமலுக்கு வந்தன. கடமை தவறும் கம்பெனிக்கு 1 கோடியே 80 லட்சம் பவுன், அல்லது உலகளாவிய வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அது வரையில் அபராதம் விதிக்கலாம். வேலி பலமானதுதான். ஆனாலும், சமூக வலைத்தளங்களில் சேரக் குறைந்தபட்சம் பதின்மூன்று வயது என்று அந்தக் கம்பெனிகளே விதி வைத்திருக்க, ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 38 பேர் அவற்றை உபயோகிக்கிறார்கள் என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையமான ‘ஆஃப்காம்’ 2024-இல் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. வேலியைத் தாண்டிப் பிள்ளையைத் தூக்கி விடுகிறவர்கள் அநேகமாகப் பெற்றோரே. பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறந்துகொடுக்கும் தகப்பனார், பொய் சொல்வது எப்படி என்ற பாடத்தையும் அன்றே நடத்தி முடித்துவிடுகிறார்.

அங்கே எல்லாம் சுபமாக நடக்கிறதென்று நினைத்துவிடக் கூடாது. புதிய பாடம் வந்து மூன்று ஆண்டுகள் ஆனபின் ராயல் சொஸைட்டி மீண்டும் ஆராய்ந்து, கணினிக் கல்வி ஊருக்கு ஊர் ஒட்டுப்போட்டதுபோல இருக்கிறது, ஆசிரியர்கள் பலருக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று எழுதிற்று. ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருத்தியே காலையில் கணக்கும் மத்தியானத்தில் சித்திரமும் நடத்துகிறவள். தான் கல்லூரியில் கேள்வியே படாத விஷயத்தை அவள் கற்பிக்க வேண்டியிருந்தது. அதன்பின் 8 கோடியே 40 லட்சம் பவுன் ஒதுக்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசிய நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். பணத்தை முதலில் யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு மனிதருக்குப் பின்னால் கொடுப்பது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கம். பதினாறு வயதில் கணினி விஞ்ஞானப் பரீட்சை எழுதுகிறவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறார்கள் என்பதும் அங்கே தீராத கவலையாக இருந்துவருகிறது.

நம் வீடுகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. பெரும்பாலான குழந்தைகள் உபயோகிப்பது தம் சொந்தக் கருவியை அல்ல, அப்பாவின் போனை, பெரியவர்களின் வங்கிக் கணக்கும் சம்பாஷணைகளும் புகைப்படங்களும் நிறைந்த அதே போனை. பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. காத்திருக்க வேண்டாதது ஒன்றும் உண்டு. போனில் எதைப் பார்த்தாலும், யார் என்ன சொன்னாலும், நீயே ஏதாவது தப்புச் செய்துவிட்டிருந்தாலும், என்னிடம் வந்து சொல். நான் அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்கவும் மாட்டேன் என்று இன்று ராத்திரி உங்கள் குழந்தையிடம் சொல்லுங்கள். அப்படி ஒரு நாள் வந்து சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். உங்களிடமும் சொல்ல முடியாத நாள் ஒன்று வந்தால் அதற்காக 1098 என்ற எண்ணையும் மனப்பாடம் செய்து வையுங்கள். இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கென்றே இரவு பகலாக இயங்கும் தொலைபேசி அது, கட்டணம் கிடையாது.